அங்கோரில் கோபுரத்தோடு ஏரியையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த கம்போடியப் பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். சியெம் ரீப் நகரின் இரவுச் சந்தை, டுக்டுக் சவாரி, விடியற்காலைச் சூரியன் என்று கட்டுரையாளர் சுவைபட எழுதியிருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் பத்தியிலேயே அங்கோர் வாட்டைத் 'தமிழ் மன்னன் சூரியவர்மன் எழுப்பிய கோயில்' என்று எழுதியதும், கடைசிப் பத்தியில் 'அரை நாள் ஒதுக்கினால் போதும், மீதிப் பொழுதைக் கடைவீதிக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று வாசகர்களுக்கு யோசனை சொன்னதும் இக்கடிதத்தை எழுதத் தூண்டின. இந்த இரண்டு தவறுகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்றின் வயிற்றில் மற்றொன்று பிறந்தது என்பது என் எண்ணம். நம்மவர் கட்டியது என்று பயணம் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டால், அங்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி வீராணம் ஏரிக்கரையிலும் வடவாற்றின் ஓரத்திலும் கழிந்தது. இப்போது சிதம்பரத்தில் வசிக்கிறேன். கம்போடியாவுக்கு இரண்டு முறை போய் வந்தேன். முதல் முறை, ஆறு நாளில் பாங்காக், சியெம் ரீப், புனோம் பென் என்று மூன்று நகரங்களைச் சுற்றிக் காட்டுவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு சுற்றுலாக் குழுவோடு என் மனைவியும் நானும் போனோம். அங்கோருக்கு ஒரு பகல் ஒதுக்கியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கோர் வாட்டின் வாசலில் இறக்கிவிட்டு, பத்தரைக்குப் பேருந்தில் ஏற்றி, பயோன் கோயிலில் இருபது நிமிடமும் தா புரோம் கோயிலில் அரை மணியும் நடத்திக் காட்டிவிட்டு, 'தென்னிந்தியச் சாப்பாடு உத்தரவாதம்' என்ற வாக்குறுதியைக் காப்பாற்றுவதற்காக நகருக்குள் ஓர் உணவகத்தில் சாம்பாருக்காக இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதன்பின் வைரக்கல் கடை ஒன்று. அத்தோடு அங்கோர் முடிந்தது. வழியெல்லாம் ஒலிபெருக்கியில் 'நம்ம ராஜா கட்டினது சார், நம்ம ராஜா கட்டினது' என்ற பல்லவியை எங்கள் குழுத்தலைவர் விடவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு மனம் ஆறாமல், சென்ற மார்கழியில் நாங்கள் இருவர் மட்டும் மறுபடி போய் ஒன்பது நாள் தங்கினோம். இக்கடிதத்தில் நான் சொல்லப்போவது அந்த ஒன்பது நாளில் கண்டது.

முதலில் மன்னர் யார் என்பதைத் தீர்த்துவிடலாம். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் 1113-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய, கம்போடியாவின் கெமர் இனத்து அரசர். அவருடைய மரபின் வேர், இன்றைய தாய்லாந்தின் வடகிழக்கில் பிமாய் என்ற ஊரைச் சுற்றிய பகுதியில் இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பெயரில் 'வர்மன்' இருப்பதால் பல்லவர் என்றும், பல்லவர் என்பதால் தமிழர் என்றும் இணையத்தில் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி காஷ்மீரத்தை ஆண்ட அவந்திவர்மனையும், காமரூபத்து பாஸ்கரவர்மனையும், போர்னியோவில் யூபக் (வேள்வித் தூண்) கல்வெட்டு விட்டுச்சென்ற மூலவர்மனையும், ஜாவாவின் பூர்ணவர்மனையும் நாம் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஆக்க வேண்டியிருக்கும். கோயிலின் தெற்குத் தாழ்வாரத்துச் சுவரில் அந்த அரசரே குடை, சாமரம் சூழ அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய பெயரும், அணிவகுத்துச் செல்லும் தலைவர்களின் பெயர்களும் சிறு சிறு எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அந்த எழுத்து பல்லவ கிரந்தத்தின் வழிவந்தது என்பது உண்மை. மொழி கெமர். எழுத்தைக் கடனாகப் பெற்றவர்களை வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதனால் நமக்கும் அந்த நாட்டுக்கும் உறவே இல்லை என்று யாரும் கருத வேண்டாம். உறவு உண்டு, கட்டுக்கதையைவிட அது சுவையானது. முதலாம் ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடு, காம்போஜ (கம்போடிய) மன்னன் அவனுடைய நட்பை நாடித் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கூறுகிறது. எங்கள் சிதம்பரம் கோயிலில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, காம்போஜ மன்னன் 'காட்சியாகக் காட்டின கல்லு' கோயிலில் வைக்கப்பட்ட செய்தியைச் சொல்கிறது. அந்தக் கல்வெட்டின் காலம் 1114, அதாவது சூரியவர்மன் பட்டமேறியதற்கு அடுத்த ஆண்டு. ஒருவருக்கொருவர் காணிக்கை அனுப்பிக்கொண்ட இரண்டு அரசுகள் என்பதே இவற்றிலிருந்து தெரிவது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா என்ற இடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டோ போரையும் வெற்றியையும் பற்றிப் பேசவில்லை. ஒருவர் 'தொட்ட' (தோண்டிய) குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர் சூட்டி, அதை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட செய்தியை அது பதிவு செய்திருக்கிறது. கடல் கடந்து போன நம் ஆள் அங்கே கல்லில் எழுதி வைத்தது ஒரு குளத்தின் பெயரை என்பதை நினைக்கும்போது, பாசனத் துறைக்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

இன்னும் நெருக்கமான உறவு ஒன்று சியெம் ரீப்பிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் பந்தியாய் ஸ்ரீ கோயிலில் இருக்கிறது. யக்ஞவராகர் என்ற அரச குரு எழுப்பி, 967-இல் குடமுழுக்குச் செய்வித்த செந்நிற மணற்கல் கோயில் அது. ஆள் குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குச் சிறிய வாசல்கள். சந்தனக்கட்டையில் செதுக்கியது போன்ற நுணுக்கம். கிழக்கு வாயிலின் முகப்பில் பத்துக் கைகளோடு சிவபெருமான் ஆடுகிறார். காலடியில் ஒரு பக்கம் வாத்தியம் வாசிப்பவர். மறுபக்கம் எலும்பும் தோலுமாய், வற்றித் தொங்கும் மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். கங்கைகொண்ட சோழபுரத்து ஆடல்வல்லான் காலடியில் நாம் காணும் அதே பேயுரு, அந்தக் கோயில் கட்டப்படுவதற்கு முன்பே, தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் நாற்பது ஆண்டுகள் முன்பாக, கெமர் சிற்பியின் உளியில் வந்திருக்கிறது. என் மனைவி அதன் கீழே நின்று 'கொங்கை திரங்கி' என்று தொடங்கும் பதிகத்தை மெல்லச் சொன்னார். பக்கத்தில் நின்ற காவலாளிப் பெண் ஒன்றும் புரியாமல் புன்னகைத்தார். முதல் பயணத்தில் எங்களை அங்கே அழைத்துப் போகவே இல்லை. 'நம்ம ராஜா' என்று நாள் முழுதும் முழங்கியவருக்கு, உண்மையிலேயே நம் ஊரிலிருந்து போன ஓர் அம்மையார் அங்கே உட்கார்ந்திருப்பது தெரியாது.

பாங்காக்கைப் பற்றி உங்கள் கட்டுரை இரண்டு வரியே எழுதியிருந்தது. நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். பேரங்காடிகளையும் படகுச் சந்தையையும் பார்ப்பவர்கள், பழைய நகரில் உயரமான செந்நிற ஊஞ்சல் தூண்களுக்குப் பக்கத்திலுள்ள தேவஸ்தானம் என்ற சிறு கோயிலையும் பார்க்கலாம். தாய் அரசவைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டி நடத்தும் விழாவுக்குத் திரியம்பவாய் என்றே பெயர். திருவெம்பாவை அங்கே ஓதப்படுகிறது. உச்சரிப்பு காலப்போக்கில் உருமாறிவிட்டதால் நம் காதுக்குச் சொற்கள் பிடிபடுவதில்லை. ஊஞ்சலாடும் சடங்கு 1930-களிலேயே நிறுத்தப்பட்டது. தூண்கள் மட்டும் நிற்கின்றன. அரண்மனை வளாகத்தில் மரகதப் புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்ட ராமகீயன் (தாய் ராமாயணம்) ஓவியங்களுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். அனுமன் அவற்றில் பிரமச்சாரி அல்ல என்பதைக் கண்டு எங்கள் குழுவில் சிலர் முகம் சுளித்தார்கள்.

இனி அங்கோர் வாட். 'பிரம்மாண்டம்' என்ற ஒரே சொல்லைக் கட்டுரையாளர் ஐந்து இடங்களில் பயன்படுத்தியிருந்தார். அகழியே 190 மீட்டர் அகலமும், சுற்றளவில் ஐந்து கிலோமீட்டருக்கு மேலும் உள்ள ஓரிடத்தில் அந்தச் சொல் தானாக வந்துவிடுவது இயல்புதான். ஆனால் அங்கே கண்ணை நிறுத்த வேண்டியது சிறியவற்றின் மேல். கற்களின் பக்கங்களில் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கும்; குலேன் மலையிலிருந்து வெட்டிக்கொண்டுவந்த மணற்கற்களைத் தூக்கிப் பொருத்துவதற்காக இட்டவை. சுண்ணச் சாந்து எதுவும் இல்லாமல், கல்லைக் கல்லோடு தேய்த்து இழைத்துச் சேர்த்திருக்கிறார்கள். தாழ்வாரத்தின் கூரை, நம் மண்டபங்களைப் போல உத்திரத்தின் மேல் பாவிய தளம் அல்ல. இரு பக்கமும் ஒரு கல்லுக்கு மேல் மறு கல்லை உள்நோக்கிச் சற்றே நீட்டி நீட்டி உச்சியில் சேர்த்தது. அதனால்தான் அகலமான கூடமே அங்கு இல்லை, நீண்டு கொண்டே போகும் நடைகளே உள்ளன.

அந்தச் சிற்பச் சுவர்களை எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். கோயில் மேற்கு நோக்கியது. உள்ளே நுழைந்ததும் நம்மவர்கள் பழக்கத்தால் இடப்பக்கம் திரும்பி வலம் வரத் தொடங்குவார்கள். முதல் முறை நாங்களும் அப்படியே செய்தோம். சிற்பங்களின் வரிசையோ இடம் வருவதற்கு ஏற்ப அமைந்தது. வலப்பக்கம் திரும்பினால் குருட்சேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர்; அடுத்துத் தெற்கில் அரசனின் ஊர்வலம்; அதையடுத்து யமனும் சித்திரகுப்தனும் தீர்ப்புச் சொல்லும் சொர்க்க நரகக் காட்சிகள்; பிறகு கிழக்கில் பாற்கடல். இறந்தோர்க்குரிய சடங்குகளோடு இந்த அப்பிரதட்சிண முறைக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பாற்கடல் கடையும் சுவர் 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் ஆமையின் மேல் மந்தரமலை, அதன் முன் திருமால். நான் நெடுநேரம் நின்றது அந்த மத்துக்குக் கீழே. தூரத்தில் முழு உடலோடு நீந்தும் மீன்களும் முதலைகளும், மலையை நெருங்க நெருங்கச் சுழலின் வேகத்தில் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. நீர்ச்சுழியின் விசை மையத்தில்தான் கடுமை என்பதை மதகுக் கண்ணில் நேரில் பார்த்தவன்தான் அப்படிச் செதுக்க முடியும். அரை நாள் பயணத்தில் அந்தச் சுவருக்கு எங்களுக்குக் கிடைத்தது நான்கு நிமிடம்.

மேற்கு வாயிலில் எட்டுக் கைகளோடு நிற்கும் திருமால் சிலைக்கு உள்ளூர் மக்கள் காவித் துணி சாத்தி, கட்டுக் கட்டாக ஊதுவத்தி ஏற்றி, தா ரீச் என்ற பெயரில் வணங்குகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துத் தரையில் வைத்து ஏற்றப் போக, காவலர் ஓடி வந்து தடுத்தார். 'நம்ம பெருமாளுக்கு நாம ஏத்தக் கூடாதா' என்று அவர் சண்டைக்கே போய்விட்டார். பல நூற்றாண்டுகளாகப் பௌத்தர்கள் விளக்கேற்றிக் காத்த கோயில் அது. உள்நாட்டுப் போரின் நிழல் விலகாத 1986 முதல் 1993 வரை நம் நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்புப் பணி செய்தார்கள். தா புரோமில், கூரையைக் கவ்வி நிற்கும் பெருமரங்களுக்கும் சுவர்களுக்கும் நடுவே அவர்கள் பிற்பாடு எடுத்துச் செய்த பணியும் உண்டு. நம் பங்கைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்றால் இதைச் சொல்லலாமே.

நான் முக்கியமாக எழுத வந்தது நீரைப் பற்றி. உங்கள் கட்டுரையில் ஏரி என்ற சொல்லே இல்லை. அங்கோர் என்பது ஒரு கோயில் அன்று. குலேன் மலைக்கும் தோன்லே சாப் ஏரிக்கும் இடையே, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக மிக மெல்லச் சரியும் மணற்பாங்கான சமவெளியில், ஆற்றைத் திருப்பியும் தேக்கியும் வழிநடத்தியும் உருவாக்கிய ஒரு நீர் நகரம். அங்குள்ள பெரிய நீர்நிலைகளைப் பாராய் என்கிறார்கள். ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்துத் தமிழில் எழுதுபவர்கள் அதைக் 'குளம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். குளம் தோண்டுவது, பாராய் தோண்டியதன்று. தரைமட்டத்தின் மேலேயே நான்கு பக்கமும் மண் கரை எழுப்பி, நீரை வயலைவிட உயரத்தில் நிறுத்தியது. அதற்கு நம் மொழியில் பொருத்தமான சொல் ஏரிதான்.

மேற்குப் பாராயின் நீளம் 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பதினோராம் நூற்றாண்டில் கட்டிய அது இன்றும் நீர் பிடிக்கிறது; பிற்காலத்தில் அமைத்த மதகு வழியாகத் தெற்கே வயல்களுக்குப் பாய்கிறது. மார்கழி மாதத்து ஒரு மாலையில் நாங்கள் தெற்குக் கரையில் ஏறி நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் சியெம் ரீப் குடும்பங்கள் கரை நெடுகத் தூளி கட்டிப் படுத்திருந்தன. மூங்கில் குச்சியில் செருகிய மீனும் கோழியும் அடுப்பில் வாடிக்கொண்டிருந்தன. எங்களைத் தவிர வெளிநாட்டுப் பயணி ஒருவரும் அங்கே கண்ணில் படவில்லை. நான் குனிந்து கரை மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தேன். களி குறைவு, மணல் கூடுதல். வீராணத்துக் கரையில் இப்படி மண் இருந்தால் மழைக்கால இரவுகளில் எங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. அந்த மண்ணைக் கொண்டு இத்தனை நூற்றாண்டு நிற்கும் கரையை எழுப்பியவர்கள், அடிமட்டத்தை எவ்வளவு அகலமாக விட்டிருக்கிறார்கள் என்பதைக் கரையின் சரிவில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது வற்றிக் கிடக்கும் கிழக்குப் பாராயைக் கட்டுவித்தவர் கெமர் அரசர் முதலாம் யசோவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி. முதலாம் பராந்தகனின் காலத்தில் வீரநாராயணன் ஏரி, அதாவது வீராணம், உருவானது அடுத்த அரை நூற்றாண்டுக்குள். ஏறக்குறைய ஒரே தலைமுறையில் இரண்டு நாட்டிலும் இவ்வளவு பெரிய ஏரிகள் எழுந்தன, ஆனால் இரண்டின் அறிவும் வேறு வேறு. வீராணத்தின் கரை நிலத்தின் சரிவைப் பார்த்து வளைந்து போகிறது; மேற்கே மேடு இருப்பதால் அங்கே பெரிய கரை தேவைப்படவில்லை. பாராயின் கரைகளோ நூல் பிடித்தது போல் திசைகளை ஒட்டி நேராகச் செல்கின்றன. நிலம் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும் இடத்தில் நாற்புறமும் கரை கட்டுவதைத் தவிர வழியில்லை. அவர்கள் நம்மிடம் கற்றார்கள் என்றோ நாம் அவர்களிடம் கற்றோம் என்றோ சொல்ல இதில் எதுவும் இல்லை. அவரவர் மண் அவரவர்க்குச் சொல்லிக் கொடுத்தது. பாராய்கள் பாசனத்துக்காகவா, வழிபாட்டுக்காகவா என்று க்ரோலியே என்ற பிரெஞ்சு அறிஞர் காலத்திலிருந்து விவாதம் நடக்கிறது. கோயில் குளத்தில் தெப்பமும் விட்டு, அதன் கசிவில் ஊர்க் கிணறுகளும் ஊறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விவாதம் சற்று விசித்திரமாகவே படும்.

அங்கோர் வாட்டின் அகழியையும் அழகுக்கு வெட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. மணல் அடித்தளத்தின் மேல் நிற்கும் அத்தனை கல்லும் நிலத்தடி நீர் மட்டம் நிலையாக இருந்தால்தான் நிலையாக இருக்கும். மணல் உலர்ந்தால் இறங்கும். சியெம் ரீப்பில் விடுதிகள் பெருகி ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபோது, அங்கோரைப் பராமரிக்கும் அப்சரா ஆணையமும் வெளிநாட்டுப் பொறியாளர்களும் கவலைப்பட்டதற்குக் காரணம் இதுவே. பழைய வாய்க்கால்களைத் தூர்வாரி, பல நூற்றாண்டு வற்றிக் கிடந்த வடக்குப் பாராயில் மறுபடி நீர் நிறைத்திருக்கிறார்கள். அதன் நடுவிலுள்ள நியாக் பியன் என்ற சிறு கோயிலுக்கு மரப்பாலத்தின் மேல் நடந்து போக வேண்டும். நடுவில் ஒரு குளம், சுற்றி நான்கு குளம். நடுக்குளத்து நீர் கிழக்கே மனிதத் தலை, தெற்கே சிங்கம், மேற்கே குதிரை, வடக்கே யானை என்று நான்கு முகங்கள் வழியே விழும்படி அமைத்திருக்கிறார்கள். பாலத்தின் இரு பக்கமும் பட்டுப்போன மரங்கள் நீருக்குள் வெள்ளையாக நிற்கும். நீர் இல்லாத காலத்தில் முளைத்து, நீர் வந்ததும் மடிந்த மரங்கள் அவை.

இந்த நீர் கைவிட்டபோது நகரமும் தளர்ந்தது. பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே பெருமழையும் மாறி மாறி வந்ததை, வியட்நாம் மலைக்காடுகளின் பழைய மரங்களில் உள்ள ஆண்டு வளையங்களைக் கொண்டு கண்டறிந்துள்ளனர். வறட்சியில் தூர்ந்த வாய்க்கால் பெருவெள்ளத்தில் உடைந்துகொள்ளும் என்பது எங்கள் துறையில் கடைநிலை ஊழியருக்கும் தெரிந்த சங்கதி. அண்டைத் தாய் அரசான அயுத்தயாவின் படையெடுப்பை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு வழிகாட்டிகள் கடந்துவிடுகிறார்கள்.

தோன்லே சாப் ஏரிக்கு ஒரு நாளாவது வேண்டும். கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் அந்த ஏரி, மழைக்காலத்தில் 10,000 சதுர கிலோமீட்டரையும் தாண்டி விரிகிறது. புனோம் பென்னில் மீகாங் ஆற்றின் வெள்ள மட்டம் ஏரி மட்டத்தைவிட உயரும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே பாயத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மறுபடி திசை மாறும்போது நாடே படகுப் பந்தயத் திருவிழா கொண்டாடுகிறது. வடிகால் எதிர்த்து ஏறுவதை எங்கள் கொள்ளிடக் கடைமடையில் இரண்டொரு நாள் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் ஓர் ஆறே பின்னோக்கி ஓடுவதை அங்கேதான் கேள்விப்பட்டேன். நாங்கள் போனபோது நீர் வடிந்துகொண்டிருந்தது. கம்போங் ப்லுக் என்ற ஊரில் வீடுகள் மூன்று ஆள் உயரக் கால்களின் மேல் நின்றன. கால்களில் வாரத்துக்கு ஒரு கோடு போட்டது போல நீர் இறங்கிய தடங்கள். படகு ஓட்டிய பெண்மணி அவற்றில் உச்சிக் கோட்டைத் துடுப்பால் தொட்டுக் காட்டி, பிறகு துடுப்பை எங்கள் முழங்கால் அருகே தாழ்த்தி, இனி இவ்வளவுக்கு இறங்கும் என்று சைகை செய்தார். மறுகரையில் பிரேக் தோல் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் பார்த்தபோது வேடந்தாங்கலில் நிற்பது போலவே இருந்தது. இரண்டும் இங்கே வருபவைதான்.

பந்தியாய் ஸ்ரீ போகும் சாலையில் இரு மருங்கும் பனை. கம்போடியாவின் தேசிய மரம் அது. நமக்கு மாநில மரம். நம் ஊரில் தளைநார் பூட்டி ஏறுவது போல அவர்கள் ஏறுவதில்லை. கணுவில் கிளைத்த முளைகளைப் படியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலை மரத்தோடு கட்டி, அதில் கால் வைத்து ஏறுகிறார்கள். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். சாலையோர அடுப்பில் பதநீர் கொதித்துக் கருப்பட்டிப் பாகாகத் திரளும் வாசனையில் டுக்டுக்கை நிறுத்தச் சொன்னோம். ஓலையில் சுற்றிய கருப்பட்டி வில்லைகளை என் மனைவி முகர்ந்து பார்த்து, கொஞ்சம் பிட்டு வாயில் போட்டு, 'சுக்கு மட்டும் சேர்க்கலை' என்றார். ஊருக்கு வாங்கி வந்த பொருள் அது ஒன்றே.

போகும் வாசகர்களுக்காகச் சில விவரங்கள். நாங்கள் போனபோது அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்பதால், இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்துப் பார்க்க நினைக்கும் எங்களைப் போன்ற முதியவர்களுக்கு அதுவே உகந்தது. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம்; வேட்டி, சேலைக்குத் தடையில்லை. அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு ஏறும் படி மிகச் செங்குத்து. பௌத்தர்களின் உபவாச நாட்களில் அதை மூடிவிடுவார்கள். சிற்பச் சுவரில் கை வைக்க வேண்டாம். குருட்சேத்திரத்து வீரர்கள் சிலரின் மார்பு, கைபட்டுக் கைபட்டுக் கருங்கல் போல மின்னுகிறது.

ஆசிரியர் அவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'தமிழ் மன்னன்' என்ற செய்திக்கு அடுத்த இணைப்பிதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள்; மாணவர்கள் உங்கள் இதழை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். இரண்டாவது, அங்கோரின் ஏரிகளையும் வாய்க்கால்களையும் பற்றி, அந்த மண்ணில் நடந்து பார்த்த ஒருவரைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். சுற்றுலாக் குழு நடத்துபவர்களும் உங்கள் இதழைப் படிப்பவர்கள்தான். வைரக்கல் கடைக்கு ஒதுக்கும் நேரத்தை மேற்குப் பாராயின் கரைக்கு மாற்றினால் அவர்களுக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை.

கட்டுரையோடு அங்கோர் வாட் என்று குறிப்பிட்டு அச்சிட்டிருந்த, நான்கு புறமும் புன்னகைக்கும் முகங்கள் கொண்ட கோபுரங்களின் படம், அதற்கு இரண்டு தலைமுறைக்குப் பின் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய பயோன் கோயிலினுடையது. அதையும் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
சிதம்பரம்